கேட்டலாக்ல தலைப்பு போட்டு தேடினா புக்கு வரவே மாட்டேங்குது, எப்படித்தான் தேடணும்?

வடபழனி வாசகி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு உதவி வேணும், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

எங்க அத்தைக்கு 81 வயசு, கும்பகோணத்துல இருக்காங்க. அவங்க அம்மா, அதாவது எங்க அப்பாவைப் பெத்த பாட்டி, ஒரு பட்சண புக்கு வச்சிருந்தாங்களாம், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி அதை பரண்ல இருந்து இறக்கி பக்கத்துல வச்சுக்கிட்டுதான் அடுப்பு முன்னாடி உக்காருவாங்களாம். வீடு மாறுனப்போ அது எங்கயோ போயிடுச்சு. இந்த வருஷம் அத்தை போன் பண்ணும்போதெல்லாம் அதையே கேக்குறாங்க, அதுல மனோகரத்துக்கு பாகு பதம் சொல்லியிருந்த மாதிரி வேற யாரும் சொன்னதில்லைன்னு. எழுதினவங்க பேரு ஞாபகம் இல்ல. மஞ்ச அட்டை, தலைப்புல பக்ஷணம்னு வரும், 1950கள்ல வந்த புக்கு, இவ்வளவுதான் அவங்களுக்கு தெரியுது.

நான் ஒரு பெரிய பழைய நூலகத்தோட ஆன்லைன் கேட்டலாக்ல டைட்டில்னு செலக்ட் பண்ணி தேடினேன். பக்ஷணம்னு போட்டா 0. பட்சணம்னு போட்டா 4 வருது, நாலும் 2000க்கு அப்புறம் வந்தது. தீபாவளி பட்சணங்கள்னு போட்டேன், 0. இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுப் பார்த்தேன், அதுவும் 0. அரை நாள் லீவு போட்டு நேர்லயே போய் கேட்டேன், கவுண்டர்ல இருந்தவர் சிஸ்டத்துல வரலன்னா இல்லம்மான்னு சொல்லிட்டாரு. ஆனா என் ஃப்ரெண்டு ஒருத்தி ஆராய்ச்சி பண்றா, கேட்டலாக்ல வராத புக்கையெல்லாம் அதே நூலகத்து ஷெல்ஃப்ல தன் கண்ணால பார்த்திருக்கேன்னு அடிச்சு சொல்றா. அப்போ நான் தேடுற விதத்துலதான் தப்பு இருக்கா? விவரம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ், அத்தை கேட்டு நான் இல்லன்னு சொல்ல மனசு வரல.

புள்ளிக்காரன் எழுதினது:

அக்கா, தப்பு உங்க மேல இல்ல. நான் 14 வருஷமா ஒரு காலேஜ் லைப்ரரில கேட்டலாகிங் வேலைதான் பண்றேன், இந்த மாதிரி திரும்பிப் போன வாசகர்களை நினைச்சா இப்பவும் கஷ்டமா இருக்கும், அதனால விளக்கமாவே சொல்றேன்.

கூகுள்ல நாம தப்பா அடிச்சாலும் இதையா தேடுறீங்கன்னு அதுவே எடுத்துக் கொடுக்கும். நூலக கேட்டலாக் பெரும்பாலும் அப்படி கிடையாது. என்னைக்கோ ஒரு நாள் யாரோ ஒருத்தர் அந்த புக்கை கையில வச்சுக்கிட்டு என்ன எழுத்து அடிச்சாரோ, அதோட நீங்க அடிக்கிற எழுத்து ஒத்துப்போனாதான் வரும். அவர் அடிச்சதும் அட்டையைப் பார்த்து அடிச்சிருக்க மாட்டாரு, உள்ள இருக்குற டைட்டில் பேஜ்ல என்ன இருக்கோ அதைத்தான் எழுதணும்னு விதி. மார்க்னு நாங்க சொல்ற பதிவு முறையில 245ங்கிற இடத்துல அது போகும். அட்டையில வேற மாதிரி இருந்தா, இல்ல மக்கள் வேற மாதிரி சொல்லுவாங்கன்னா, அதை 246ல சேர்க்கலாம், சேர்த்தா தேடுறவங்களுக்கு எவ்வளவோ உதவியா இருக்கும். ஆனா ஆள் வச்சு ஒரு நாளைக்கு இத்தனை புக்குன்னு கணக்கு போட்டு கம்ப்யூட்டர்ல ஏத்துன இடங்கள்ல 246 பெரும்பாலும் காலியாத்தான் இருக்கும்.

இப்ப உங்க வார்த்தையை எடுத்துக்கோங்க. பட்சணம், பக்ஷணம், பக்க்ஷணம், பஷணம், நாலு விதமா எழுதி நானே பார்த்திருக்கேன். இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, கண்ணுக்கே தெரியாது. க்ஷ ஒரே எழுத்தா சேர்ந்து வரும் இல்லையா, சில பேரு அது சேரக்கூடாது, க் தனியா ஷ தனியா நிக்கணும்னு நடுவுல ஒரு மறைவு எழுத்தைப் போட்டுடுவாங்க, சில கீபோர்டு அதுவாவே போட்டுடும். உங்களுக்குப் படிக்க ரெண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு அது வேற வார்த்தை. சில சிஸ்டம் அதைக் கண்டுக்காம விட்டுடும், பல சிஸ்டம் விடாது. ஸ்ரீயும் இதே கதைதான், யூனிகோட்ல அதை ரெண்டு விதமா அடிக்கலாம், பார்த்தா ரெண்டும் ஒரே ஸ்ரீ. பழைய புக்குல பாதி ஸ்ரீலதான் ஆரம்பிக்கும், அதனால தலைப்புல ஸ்ரீ இருந்தா அதை விட்டுட்டு அடுத்த வார்த்தையில இருந்து தேடுங்க, இது நான் எல்லாருக்கும் சொல்றது.

அப்புறம் முழு வார்த்தையை அடிக்காதீங்க, இதுதான் முக்கியம். பட்சணம்னு அடிச்சா பட்சணங்கள் வராது. பட்சண-னு வரைக்கும் அடிச்சு கடைசில ஒரு ஸ்டார் குறி போடுங்க, பட்சணம், பட்சணங்கள், பட்சணவகை எல்லாமே மாட்டும். இதுல புள்ளியை மறக்காதீங்க. கம்ப்யூட்டர்ல ல்ங்கிறது ஒரு எழுத்து இல்ல, ல தனி, அதுக்கு மேல இருக்குற புள்ளி தனி. சமையல்னு புள்ளியோட அடிச்சு ஸ்டார் போட்டா சமையலும்ங்கிறது, சமையலறைங்கிறது ரெண்டும் வராது, ஏன்னா அங்க ல-வுக்கு அப்புறம் புள்ளியே கிடையாது. கடைசி புள்ளியை எடுத்துட்டு சமையல-னு விட்டு ஸ்டார் போட்டா சமையல், சமையலும், சமையலறை மூணும் வரும். ஆனா சமையற்கலைன்னு சந்தி சேர்ந்திருந்தா அதுவும் வராது, அங்க ல் போய் ற் வந்துடுச்சு, அதுக்கு இன்னும் சுருக்கி சமைய-னு விடணும். நம்ம பாஷையில வார்த்தை அப்படி உருமாறும், பாதிக்கு மேல அடிக்காம இருக்கிறதுதான் நல்லது.

ஒரு எச்சரிக்கை, எல்லா இடத்துலயும் ஸ்டார் வேலை செய்யாது. எங்க லைப்ரரில கோஹா சாஃப்ட்வேர், 2000ல நியூசிலாந்துல ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காக எழுதி இலவசமா கொடுத்தது, இங்க ஏகப்பட்ட காலேஜ்ல அதான். அதுல தமிழுக்கு ஏத்த மாதிரி இண்டெக்ஸ் செட்டிங்கை மாத்தாம விட்டா தமிழ் வார்த்தையை அது கண்டபடி துண்டு போட்டுடும், அப்ப நீங்க எப்படி அடிச்சாலும் வராது. அந்த கேட்டலாக்ல நிச்சயம் இருக்கும்னு தெரிஞ்ச ஒரு புக்கை முதல்ல தேடிப் பாருங்க, திருக்குறள்னு போட்டு எதுவும் வரலன்னா கோளாறு அங்கதான்.

எதுவுமே வரலன்னா தலைப்பை விட்டுடுங்க. அட்வான்ஸ்ட் சர்ச்ல கால் நம்பர்னு இருக்கும், புக்கு எந்த ஷெல்ஃப்ல இருக்குன்னு சொல்ற எண் அது, புக்கைப் பொருள்வாரியா பிரிக்கிற டூயி முறையில சமையலுக்கு 641.5, அதைப் போட்டு, மொழி தமிழ், வருஷம் 1945ல இருந்து 1965ன்னு வச்சு, வர்ற லிஸ்டை ஒண்ணு விடாம கண்ணால படிங்க. வருஷம் போடாம பதிஞ்ச புக்கும் இருக்கும், அதனால ஒரு தடவை வருஷம் இல்லாமயும் பாருங்க. நேரமாகும், ஆனா உங்க கண்ணு கண்டுபிடிக்கிறதை சர்ச் பாக்ஸ் கண்டுபிடிக்காது.

ஏடு தேடி எழுதினது:

புள்ளிக்காரன் சொன்னது நூத்துக்கு நூறு. நான் ஒண்ணு சேர்க்கிறேன், பழைய டைட்டில் பேஜ் எப்படி இருக்கும்னு தெரிஞ்சா பாதி குழப்பம் தீந்துடும்.

மேல பிள்ளையார் சுழி இருக்கும், கடவுள் துணைன்னு இருக்கும், அப்புறம் இன்ன ஊர் இன்ன வித்துவான் அவர்கள் இயற்றியன்னு வரும், அதுக்கு அப்புறம்தான் நூல் பேரு, அதோட விட மாட்டாங்க, மூலமும் உரையும்னு ஒட்டிக்கிட்டு வரும். உ.வே.சாமிநாதையர் 1887ல பதிப்பிச்ச சீவகசிந்தாமணியை எடுத்துக்கோங்க, பேருக்கு முன்னாடி திருத்தக்கதேவர் வந்துடுவாரு, பின்னாடி நச்சினார்க்கினியருரையும்னு ஒரே வார்த்தையா இருக்கும். நீங்க உரைன்னு தேடினா அது எப்படி வரும், உரை அங்க ருரை ஆயிடுச்சே. சிந்தாமணின்னு தேடினாலும் சிக்கல், சீவகசிந்தாமணி ஒரே வார்த்தையா பதிஞ்சிருந்தா சிந்தாமணி அதுக்குள்ள மாட்டிக்கும், சீவக-னு ஆரம்பத்துல இருந்து போனாதான் கிடைக்கும். தலைப்பு இதுல ஆரம்பிக்குதுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும் பாருங்க, பழைய புக்குக்கு அந்தப் பக்கமே போகாதீங்க, பதிவு திருத்தக்கதேவர்ல இருந்து ஆரம்பிச்சிருக்கலாம்.

சமையல் புக்கும் அப்படித்தான் இருக்கும். அத்தை மனசுல நின்னது அட்டையில பெருசா இருந்த வார்த்தை, பதிவுல அது மூணாவது நாலாவது வார்த்தையா இருக்கலாம்.

இன்னொண்ணு, கார்டு இருக்கான்னு கேளுங்க. மர டிராயர்ல அட்டை அட்டையா அடுக்கி வச்சிருப்பாங்களே, கம்ப்யூட்டர் வந்தப்புறமும் சில இடத்துல அதைத் தூக்கிப் போடாம ஓரமா வச்சிருக்காங்க. கார்டுல இருந்தது எல்லாமே கம்ப்யூட்டருக்கு வந்துடல, உங்க ஃப்ரெண்டு ஷெல்ஃப்ல பார்த்த புக்கெல்லாம் அப்படி விட்டுப்போனதாத்தான் இருக்கணும். சிஸ்டத்துல இல்லன்னா இல்லன்னு சொல்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன். 1924ல சென்னை பல்கலைக்கழகத்துக்கு முதல் நூலகரா வந்தவர் நம்ம சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931ல அவர் எழுதின 5 விதியில நாலாவது வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்துன்னுதான் இருக்கு. ஒரு அம்மா அரை நாள் லீவு போட்டு வந்திருக்காங்க, ஒரு டிராயரை இழுத்துப் பாக்க 10 நிமிஷம் ஆகுமா?

கன்னிமாராலயும் பாருங்க. 1954 சட்டப்படி இந்தியாவுல வர்ற ஒவ்வொரு புக்குலயும் ஒரு காப்பி வாங்குற நூலகத்துல அதுவும் ஒண்ணு. 1954க்கு முன்னாடி வந்திருந்தா நிச்சயம் சொல்ல முடியாது. ரோஜா முத்தையா நூலகத்தையும் விட்டுடாதீங்க, கோட்டையூர்ல அவர் தனி ஆளா சேர்த்த சேகரிப்புலதான் 1994ல அந்த நூலகமே ஆரம்பிச்சாங்க, மத்த நூலகம் வாங்காத சின்னச் சின்ன புக்கு, பாட்டுப் புஸ்தகம், நோட்டீசு வரைக்கும் அவர் சேர்த்து வச்சாரு.

பனிக்கால மாணவன் எழுதினது:

நான் அமெரிக்கால படிக்கிறேன். அக்கா நீங்க இங்கிலீஷ் எழுத்துல தேடினேன்னு சொன்னீங்களே, அதுல ஒரு விஷயம். இங்க இருக்குற பெரிய நூலகங்கள்ல தமிழ் புக்கோட பழைய பதிவெல்லாம் பெரும்பாலும் ரோமன் எழுத்துலதான் இருக்கு, ஆனா நாம வாட்ஸப்ல அடிக்கிற ஸ்பெல்லிங் கிடையாது. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு, அது தெரியாம முதல் வருஷம் முழுக்க நான் இல்ல இல்லன்னு நினைச்ச புக்கெல்லாம் ரெண்டு மாடி கீழ இருந்துச்சு.

ச-வுக்கு எஸ் வராது, எப்பவும் சி. சிலப்பதிகாரத்தை சி ஐ எல்-னு ஆரம்பிக்கணும், எஸ் போட்டா ஒண்ணும் வராது. க எப்படி உச்சரிச்சாலும் கே, ஜி கிடையாது. த-வுக்கும் ட-வுக்கும் டோக்கியோல வர்ற டி மட்டும்தான், டெல்லி டி இல்ல, கூட எச் சேர்க்கக் கூடாது. ப-வுக்கு பி ஃபார் பாரிஸ்ல வர்ற பி, பாம்பே பி இல்ல. ழ-வுக்கு இசட் எச் போடவே கூடாது, எல் போடணும், அதுக்கு கீழ ஒரு கோடு இருக்கும், தேடும்போது கோடு புள்ளி எதுவும் போடாம வெறும் எல் போட்டாலே பெரும்பாலும் வந்துடும். நெடிலுக்கும் ரெண்டு ஏ வேணாம், ஒண்ணு போதும். அப்ப சமையலுக்கு சி ஏ எம் ஏ ஐ ஒய் ஏ எல். பட்சணத்துக்கு பி ஏ டி சி ஏ என் ஏ எம். பக்ஷணமா இருந்தா பி ஏ கே எஸ் ஏ என் ஏ எம், இங்க ஷ-வுக்கு எஸ் மட்டும், எச் வராது.

இங்க இவ்வளவு தமிழ் புக்கு எப்படி வந்துச்சுன்னா, அமெரிக்கா நமக்கு கோதுமை குடுத்த காலத்துல அதுக்கு இந்தியா ரூபாயாவே கட்டின பணத்துல ஒரு பங்கை வச்சு 1962ல இருந்து நம்ம ஊர் புக்கெல்லாம் வாங்கி இங்க பல நூலகத்துக்கு அனுப்பினாங்க. அதனால 60களுக்கு அப்புறம் வந்த பதிப்புன்னா இங்க கிடைக்க வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி. உங்க புக்கு மறுபதிப்பு வந்திருந்தா மாட்டும், நான் இன்னைக்கு ராத்திரி ரெண்டு ஸ்பெல்லிங்லயும் தேடிப் பார்த்துட்டு சொல்றேன்.

முற்றத்து மாமரம் எழுதினது:

நான் யாழ்ப்பாணம். அக்கா, உங்கட புத்தகம் அங்கத்தையது எண்டு விளங்குது, ஆனா இதை வாசிக்கிற வேற ஆக்களுக்கும் உதவும் எண்டு எழுதுறன். எங்கட பக்கத்துப் புத்தகங்களைத் தேடேக்க ஆங்கிலச் சொல் எங்கட எழுத்தில எப்பிடி வரும் எண்டு யோசிச்சுத் தேடுங்கோ. நீங்கள் டெலிபோன் எண்டுறதை நாங்கள் ரெலிபோன் எண்டு எழுதுவம், டாக்டர் டொக்டர் ஆகும், டொராண்டோ ரொறன்ரோ ஆகும். ட-வில தேடி இல்லையெண்டு விட்டிட்டுப் போன ஆக்களை எனக்குத் தெரியும், அந்தப் புத்தகம் ர-வில இருந்தது. இலங்கைப் புத்தகமெண்டா நூலகம் எண்டு பேர் உள்ள இணையத்தளத்தில முதலில பாருங்கோ, 2005 தொடக்கம் ஸ்கான் பண்ணிப் போடினம், கனக்க இருக்கு.

வடபழனி வாசகி எழுதினது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்வளவு பேரு இவ்வளவு நேரம் செலவழிச்சு எழுதுவீங்கன்னு நான் எதிர்பார்க்கவே இல்ல. நேத்து ராத்திரி உக்காந்து ஒண்ணொண்ணா பண்ணிப் பார்த்தேன்.

முதல்ல திருக்குறள்னு போட்டேன், நிறைய வந்துச்சு, அப்ப சிஸ்டம் சரியாத்தான் இருக்கு. பட்சண ஸ்டார் போட்டேன், 4 இருந்தது 11 ஆச்சு, ஆனா எதுவும் பழசு இல்ல. பக்ஷண ஸ்டார் போட்டேன், 2 வந்துச்சு, ரெண்டும் கோயில் பிரசாதம் பத்தினது. அப்புறம் 641.5 போட்டு வருஷம் வச்சு தேடினேன், 37 புக்கு. வருஷம் எடுத்துட்டா 600க்கு மேல, அதைத் தொடல. 37ஐயும் ஒண்ணொண்ணா படிச்சேன். 29ஆவது, சைவ பாக-னு ஆரம்பிக்குது, நடுவுல பதார்த்தம் அது இதுன்னு போகுது, கடைசி வார்த்தை பக்‌ஷணவகைகளும். வருஷம் 1953. எழுதினது ஒரு அம்மா. எனக்கு கை நடுங்கிடுச்சு. அந்த வார்த்தையை அப்படியே காப்பி பண்ணி சர்ச் பாக்ஸ்ல போட்டா வருது, நானா அடிச்சா வரல. உத்துப் பார்த்தா க்-கும் ஷ-வும் ஒட்டாம தனித்தனியா நிக்குது. புள்ளிக்காரன் தம்பி நீங்க சொன்ன அதே மறைவு எழுத்து.

நாளைக்கு சனிக்கிழமை, நேர்ல போறேன். அந்த புக்குதானான்னு இன்னும் தெரியல.

புள்ளிக்காரன் எழுதினது:

அக்கா படிச்சுட்டு எழுந்து நின்னுட்டேன். போகும்போது கால் நம்பரோட, அந்த பதிவுல அக்ஸஷன் நம்பர்னு ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு காப்பிக்கும் நூலகம் போடுற தனி எண், அதையும் எழுதிட்டுப் போங்க, தலைப்பைச் சொல்லி கேக்காதீங்க, நம்பரைக் குடுங்க. பழைய புக்குன்னா உள்ள ஸ்டாக் ரூம்ல இருக்கும், எடுத்துட்டு வர ஆள் போகணும், காலைலயே போயிடுங்க. முடிஞ்சா அங்க இருக்குற கேட்டலாகர்கிட்ட அந்த மறைவு எழுத்தைப் பத்தி சொல்லுங்க, அதை எடுத்துட்டு 246ல பட்சணம்னும் பக்ஷணம்னும் சேர்த்தா 5 நிமிஷ வேலை, அடுத்து தேடுறவங்களுக்கு முதல் தடவையிலேயே வந்துடும்.

வடபழனி வாசகி எழுதினது:

அதேதான்!! மஞ்ச அட்டை போயிடுச்சு, பச்சை காலிகோ பைண்டிங் போட்டிருக்காங்க, ஆனா உள்ள அட்டையோட ஒரு துண்டை ஒட்டி வச்சிருக்காங்க, அதுல பக்ஷணங்கள்னு மட்டும் பெருசா இருக்கு. ஏடு தேடி சார் சொன்ன மாதிரியே அட்டை ஒண்ணு, டைட்டில் பேஜ் ஒண்ணு. பேப்பர் தொட்டா உதிருது, ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டோம்னாங்க, போட்டோ எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. அளவெல்லாம் ஆழாக்கு, பலம், வீசைன்னு இருக்கு.

அங்கயே வெளிய படிக்கட்டுல உக்காந்து அத்தைக்கு போன் போட்டு மனோகரம் பக்கத்தைப் படிச்சேன். பாகைக் கொஞ்சம் எடுத்து தண்ணில விட்டு உருட்டி, அதைத் தாம்பாளத்துல போட்டா சத்தம் கேக்கணும், கேக்கலன்னா இன்னும் கொதிக்கணும்னு எழுதியிருக்கு. நான் பாதி படிக்கும்போதே மீதியை அத்தை சொல்லிட்டாங்க, எங்க அம்மா தாம்பாளத்துல போட மாட்டா, அம்மிக்கல்லு மேல போடுவான்னு. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. கடைசில அடுத்த பக்கம் என்ன இருக்கு படின்னாங்க, திரட்டுப்பால், அதையும் படிச்சேன்.

கேட்டலாகிங் செக்‌ஷன்ல ஒரு மேடம் இருந்தாங்க, பேப்பர்ல எழுதிக் குடுத்தேன், நல்லா கேட்டுக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்து இப்பதான் பக்ஷணங்கள்னு நானே அடிச்சு தேடினேன், முதல் வரியிலயே அது வருது.